கோடை விடுமுறையும் பள்ளிக் கூரையும்

பள்ளிக்கூடத்துக்குக் கோடையில் நீண்ட விடுமுறை வேண்டுமா, அல்லது ஆண்டு முழுவதும் பள்ளியை நடத்தி இடையிடையே சிறு சிறு விடுமுறைகள் விட்டால் போதுமா? இக்கேள்வியை மாணவர்களிடம் கேட்டால் எத்தகைய விடை கிடைக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பெற்றோரிடம் கேட்டால் விடை வேறாக இருக்கும். மே மாதத்து நடுப்பகலில் வீட்டுக்குள் நான்கு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அல்லற்படும் தாய்மார்கள், பள்ளி எப்பொழுது திறக்கும் என்று நாட்காட்டியைப் பார்த்தவண்ணம் இருப்பார்கள். ஆயினும், விருப்பு வெறுப்பைச் சிறிது ஒதுக்கி வைத்துவிட்டு, இதனை ஒரு கணக்காகவும், ஒரு விஞ்ஞானப் பொருளாகவும், ஒரு நியாயப் பிரச்சினையாகவும் ஆராய்ந்து பார்ப்பது பயன் தரும் என்று கருதுகிறேன். சென்னைக்கு மேற்கே அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் ஆசிரியத் தொழில் செய்தவன் நான். ஆகையால் அப்பகுதியையே எடுத்துக்காட்டாகக் கொண்டு பேசுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டில் 200 வேலைநாட்களும், ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளுக்கு 220 வேலைநாட்களும் இருக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. 365இலிருந்து 220ஐக் கழித்தால் எஞ்சுவது 145. சனியும் ஞாயிறும் விடுமுறை என்றால் அதற்கே 104 நாட்கள் போய்விடும். மிச்சம் 41. வாரத்துக்கு ஐந்து வேலைநாட்கள் என்று கொண்டால், இது ஏறத்தாழ எட்டு வாரம். இந்த எட்டு வாரத்திலே, பொங்கல் முதல் கிறிஸ்துமஸ் வரை வருகின்ற அரசு விடுமுறைகள் சுமார் மூன்று வாரத்தை எடுத்துக்கொள்ளும். காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு ஆகியவற்றின் பின் விடும் விடுமுறைகளுக்கும் இதிலிருந்தே பங்கு கொடுக்க வேண்டும். கோடையில் ஐந்தாறு வாரம் பள்ளியை மூடினால் கணக்கு இடிக்கிறது. அதைச் சரிக்கட்டவே சில சனிக்கிழமைகளிலும் மணி அடிக்கிறது.

ஆகவே, விடுமுறை என்பது ஓர் அளவான சொத்து. அதை விருப்பம்போல் பெருக்கிக்கொள்ள இயலாது. எந்த மாதத்தில் எவ்வளவு செலவிடுவது என்பதே நம் முன்னுள்ள கேள்வி. கையில் அளவாகப் பணம் வைத்திருக்கும் குடும்பத்தலைவி, எந்தச் செலவு இன்றியமையாதது என்று எண்ணிப் பார்ப்பதுபோல, நாமும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி வெயிலின் போக்கைக் கவனிப்போம். சென்னை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 13 பாகையில் அமைந்திருக்கிறது. ஆகவே கதிரவன் ஆண்டில் இருமுறை நம் தலைக்கு நேரே நிற்கிறான். ஏப்ரல் மாதம் 25ஆம் நாளை ஒட்டி ஒருமுறை. ஆகஸ்டு மாதம் 18ஆம் நாளை ஒட்டி மறுமுறை. அப்படியானால் ஏப்ரல் இறுதியே மிகக் கடுமையான வெப்பத்தைத் தர வேண்டும் அன்றோ? ஆனால் உச்ச வெப்பம் மே மாதக் கடைசியிலே வருகிறது. சென்னையில் பதிவான உயர்ந்த வெப்பநிலையாகிய 45 டிகிரி செல்சியஸ், 2003ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் பதிவாயிற்று. பஞ்சாங்கத்தின்படி அக்கினி நட்சத்திரம் மே 28ஆம் நாளையொட்டி முடிந்துவிடும். கத்திரி கழிந்த பின்னரும் இவ்வளவு வெப்பம் ஏன்?

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, நிலம் சூடேறுவதற்குக் காலம் பிடிக்கிறது. அடுப்பில் வைத்த தோசைக்கல் உடனே காய்ந்துவிடுவதில்லை. தீயைத் தணித்ததும் உடனே ஆறிவிடுவதுமில்லை. மற்றொன்று, காற்றின் திசை. பகலில் நிலம் கடலைவிட விரைவில் சூடாகிறது. சூடான காற்று இலேசாகி மேலெழும்ப, அவ்விடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இதுவே சென்னைவாசிகள் நண்பகல் தொட்டு எதிர்பார்த்திருக்கும் கடற்காற்று. ஆனால் மே மாதக் கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பெறுகிறது. அது மேற்குத் தொடர்ச்சி மலையின் அப்பால் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட மேல்காற்றாக நம் பக்கம் இறங்குகிறது. அந்த மேல்காற்று கடற்காற்றை எதிர்த்துத் தள்ளுகிறது. கடற்காற்று நுழையும் நேரம் பிந்தப் பிந்த வெப்பம் ஏறிக்கொண்டே போகும்.

மயிலாப்பூரில் இருப்பவருக்குக் கடற்காற்று பிற்பகல் ஒரு மணிக்கு வந்துவிடும் என்று வைத்துக்கொள்வோம். அம்பத்தூர் கடலிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். ஆவடியும் பூவிருந்தவல்லியும் சுமார் 20 கிலோமீட்டர். அவ்வளவு தொலைவும் சூடான தெருக்களையும், தகரக் கொட்டகைகளையும், தொழிற்கூடங்களையும் கடந்து அக்காற்று வர வேண்டும். அதற்கு ஒரு மணி நேரமோ இன்னும் கூடுதலாகவோ ஆகலாம். சில நாட்களில் மேல்காற்றின் கை ஓங்கிவிட்டால் அது வந்து சேராமலே போய்விடும். ஆகையால் ஒரே மாநகரத்தின் பிள்ளைகளே ஆனாலும், கடற்கரைப் பள்ளியின் பிற்பகல் வகுப்பும் ஆவடிப் பள்ளியின் பிற்பகல் வகுப்பும் ஒன்றாகா.

ஜூன் மாதத் தொடக்கத்தில் பள்ளி திறக்கும் வழக்கம் இங்கேதான் இடருகிறது. 2023ஆம் ஆண்டில் ஜூன் முதல் வாரத்தில் திறப்பதாக இருந்த தமிழ்நாட்டுப் பள்ளிகள், வெயிலின் கொடுமையால், ஆறாம் வகுப்புக்கு மேற்பட்டோருக்கு ஜூன் 12ஆம் நாளும், சிறு பிள்ளைகளுக்கு 14ஆம் நாளும் திறக்கப்பட்டன. 2024ஆம் ஆண்டிலும் திறப்பு ஜூன் 10ஆம் நாளுக்குத் தள்ளிப் போயிற்று. அண்டை மாநிலமாகிய கேரளத்திலோ, ஜூன் மாதத்தில் பிள்ளைகள் குடையும் கையுமாக மழையிலே பள்ளிக்குப் போகிறார்கள். அவர்களுக்கு மழை தரும் அதே பருவக்காற்றுதான் நமக்கு அனல் தருகிறது. மலைக்கு இப்புறமும் அப்புறமும் ஒரே நாட்காட்டி பொருந்துமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

வெயிலுக்கு விடும் விடுமுறையோடு நம் கணக்கு முடிந்துவிடவில்லை. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேற்பட்ட பகுதி அக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களில் பெய்கிறது. 2015ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தின்போது சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் பள்ளிகள் பல நாட்கள் மூடிக்கிடந்தன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் அவ்வாறே நேர்ந்தது. ஏரிகள் சூழ்ந்த அம்பத்தூர், ஆவடிப் பகுதிகளில் தண்ணீர் வடியுமுன் வகுப்பு நடத்துவது எளிதன்று. இந்த மழை விடுமுறை முன்கூட்டித் திட்டமிடப்படுவதன்று. அது வந்த பிறகு, இழந்த நாட்களைச் சனிக்கிழமைகளில் ஈடு செய்கிறோம். ஆக, வெயில் ஒரு பக்கமும் மழை ஒரு பக்கமுமாக நம் நாட்களை அரிக்கின்றன.

பிற நாட்டார் என்ன செய்கிறார்கள்? சிங்கப்பூரில் கல்வியாண்டு ஜனவரியில் தொடங்குகிறது. சுமார் பத்து வாரங்கள் கொண்ட நான்கு பருவங்கள். இடையில் மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், ஆண்டிறுதியில் ஆறு வாரம் விடுமுறை. நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பதால் அங்கே எல்லா மாதங்களும் ஏறக்குறைய ஒரே வெப்பம். எனவே கோடை விடுமுறை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. நம் நாட்டிலேயே காசுமீரத்தில் பனிக்காலத்தில்தான் நெடுவிடுமுறை. ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மார்ச் நடுவிலிருந்து காலையில் மட்டும் பள்ளி நடத்தும் ஏற்பாடு இருக்கிறது.

அமெரிக்காவின் நீண்ட கோடை விடுமுறை உழவுத் தொழிலுக்காக ஏற்பட்டது என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். வரலாறு அவ்வளவு எளியதன்று. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டு நாட்டுப்புறப் பள்ளிகள் குளிர்காலத்திலும் கோடையிலும் நடந்தன. விதைப்புக்கும் அறுவடைக்கும் வேண்டிய இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலுமே மூடப்பட்டன. பெருநகரப் பள்ளிகளோ ஏறத்தாழ ஆண்டு முழுவதும் நடந்தன. பின்னரே, நகரத்து வெப்பம், நோய் பற்றிய அச்சம், வசதி படைத்தோர் வெளியூர் சென்றுவிடும் வழக்கம், நாட்டுக்கும் நகரத்துக்கும் பொதுவான நாட்காட்டி வேண்டும் என்ற எண்ணம் எல்லாம் சேர்ந்து கோடை விடுமுறையை நிலைநிறுத்தின. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிள்ளைகள் பெருகி இடம் போதாமற்போன லாஸ் ஏஞ்சலீஸ் போன்ற நகரங்கள், மாணவர்களைப் பிரிவுகளாக்கி, ஒரு பிரிவு விடுமுறையில் இருக்கும்போது மற்றொரு பிரிவு படிக்குமாறு ஆண்டு முழுவதும் பள்ளி நடத்தின. அதனால் இடப் பஞ்சம் தீர்ந்தது. ஆனால் கற்றலில் பெரிய முன்னேற்றம் உண்டானதாக ஆய்வுகள் காட்டவில்லை. மொத்த நாட்கள் மாறவில்லை; அவற்றை அடுக்கிய விதம் மட்டுமே மாறிற்று என்பதுதான் காரணம்.

நீண்ட விடுமுறைக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது மறதி. அமெரிக்க ஆய்வாளர் ஹாரிஸ் கூப்பரும் அவருடைய தோழர்களும் 1996ஆம் ஆண்டில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, கோடை விடுமுறையில் மாணவர்கள் சராசரியாக ஒரு மாதப் படிப்புக்கு ஈடானதை இழக்கிறார்கள் என்று கண்டார்கள். கணக்குப் பாடத்தில் இழப்பு அதிகம். வாசிப்பிலோ, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையில் சற்று முன்னேற, ஏழைப் பிள்ளைகள் பின்தங்கினார்கள். வீட்டிலே புத்தகம் இருப்பதும் இல்லாததும் செய்யும் வேற்றுமை இது. கொரோனா நோயால் பள்ளிகள் நெடுநாள் மூடிக்கிடந்த பின், தமிழ்நாட்டு அரசு 2021ஆம் ஆண்டில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்ததை நாம் அறிவோம்.

மறதியைக் காட்டிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது பசி. 1956ஆம் ஆண்டில் காமராசர் காலத்தில் மதிய உணவுத் திட்டம் வந்தது. 1982ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கினார். 2022ஆம் ஆண்டில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. பள்ளியில் இரு வேளை உண்ணும் பிள்ளைக்கு, பள்ளி மூடினால் என்ன ஆகும்? வறட்சி பாதித்த பகுதிகளில் கோடை விடுமுறையிலும் மதிய உணவு வழங்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004ஆம் ஆண்டிலேயே ஆணையிட்டது. அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் நாட்கூலி வேலை செய்வோர், திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கற்சூளைகளில் உழைக்க வெளிமாநிலங்களிலிருந்து வந்தோர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மே மாதம் எப்படிக் கழிகிறது என்பதை விடுமுறை பற்றிப் பேசுவோர் மறக்கலாகாது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போய்விட்டால், அப்பிள்ளைகள் தகரக் கூரையின்கீழ்த் தனியே இருக்கிறார்கள். அல்லது ஏரிக்கும் கிணற்றுக்கும் குளிக்கப் போகிறார்கள். நீச்சல் அறியாத பிள்ளைகள் நீரில் மூழ்கி இறந்த செய்தியைக் கோடைதோறும் படிக்கிறோம்.

இனி மறுபக்கம். நீண்ட விடுமுறையை ஆதரிப்போர் வாதமும் புறக்கணிக்கத் தக்கதன்று. ஆவடியின் படைக்கலத் தொழிற்சாலைகளுக்கும் அம்பத்தூரின் ஆலைகளுக்கும் வேலை தேடி வந்த குடும்பங்கள் பல, தெற்கத்திச் சீமையைச் சேர்ந்தவை. அவர்களுடைய பிள்ளைகள் தாத்தா பாட்டியோடு தங்கி, வயலையும் வரப்பையும் பார்த்து, நுங்கும் மாம்பழமும் தின்று, உறவினர் இன்னார் என்று அறிந்துகொள்வது இந்த ஒரு மாதத்தில்தான். ஒரு வார விடுமுறையில் அது கைகூடாது. ஆசிரியர்களுக்கும் ஏப்ரல், மே மாதங்களில் பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தும் பணி இருக்கிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக, மே மாதத்து வகுப்பறை படிக்கத் தகுந்த இடந்தானா என்ற கேள்வி நிற்கிறது.

வெப்பம் கற்றலைக் கெடுக்கும் என்பது இன்று வெறும் ஊகமன்று. அமெரிக்காவில் ஏறத்தாழ ஒரு கோடி மாணவர்களின் தேர்வு மதிப்பெண்களை ஆராய்ந்து 2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு, குளிர்சாதனம் இல்லாத பள்ளிகளில், கல்வியாண்டின் வெப்பம் ஒரு பாரன்ஹீட் டிகிரி கூடினால், அவ்வாண்டுக் கற்றல் சுமார் நூற்றுக்கு ஒரு பங்கு குறைகிறது என்று கண்டது. ஆகவே வெயிலில் பள்ளியைத் திறந்து வைப்பதால் மட்டும் கல்வி நடந்துவிடாது. வருகைப் பதிவேட்டில் நாள் சேரும். மூளையில் பாடம் சேராது.

வகுப்பறை ஏன் அவ்வளவு சூடாகிறது? நம் அட்சரேகையில் கதிரவனின் வெப்பத்தைப் பெரும்பாலும் வாங்குவது கூரை. பழைய சென்னைக் கட்டடங்களில், மரச்சட்டங்களின்மேல் செங்கல்லைக் குத்துக்கல்லாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை இட்டு, அதன்மேல் தட்டோடு பதித்தார்கள். மெட்ராஸ் டெரஸ் என்று அதற்குப் பெயர். கூரை உயரமாக இருந்தது. சுற்றிலும் தாழ்வாரம் இருந்தது. நாட்டுப்புறப் பள்ளிகளில் கீற்றுக் கூரை இருந்தது. கீற்று குளிர்ச்சியானது, ஆனால் தீக்கு இரை. 2004ஆம் ஆண்டு ஜூலை 16ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளி ஒன்றில் 94 குழந்தைகளைத் தீ கொண்டுபோயிற்று. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக் கூரைகள் அகற்றப்பட்டன. அது செய்தே தீரவேண்டிய காரியம். ஆனால் கீற்று இருந்த பல இடங்களில் ஆஸ்பெஸ்டாஸ் ஓடும், இரும்புத் தகடும், வெறும் கான்கிரீட் தளமும் வந்தன. தீயினின்று காத்த கூரை வெயிலினின்று காக்கவில்லை.

கான்கிரீட் தளம் காலையில் வாங்கும் வெப்பத்தை உடனே உள்ளே விடுவதில்லை. சில மணி நேரம் கழித்தே அடிப்பக்கத்துக்கு அனுப்புகிறது. அதனால்தான் மேல்மாடி வகுப்பில் பிற்பகல் மூன்று மணிக்குத் தலைக்கு மேலே அடுப்பு எரிவது போலிருக்கிறது. அறைக்குள்ளும் ஓர் அடுப்பு உண்டு, அது நாம்தான். ஒருவர் உடம்பு சும்மா உட்கார்ந்திருக்கும்போதே ஒரு சிறு மின்விளக்கின் அளவு வெப்பத்தை வெளிவிடுகிறது. நாற்பது மாணவர்கள் சேர்ந்தால் அது இரண்டு மூன்று இஸ்திரிப் பெட்டிகளுக்குச் சமம். மின்விசிறி காற்றைக் குளிரச் செய்வதில்லை. வியர்வையை ஆற்றி நம் உடம்பைக் குளிரச் செய்கிறது. ஆகையால் காற்று வந்து போகச் சன்னல்கள் எதிரெதிரே இல்லாவிடில், விசிறி சூடான காற்றையே சுழற்றிக்கொண்டிருக்கும்.

இதற்கு மாற்று பெரும் பொருட்செலவில் இல்லை. தளத்தின்மேல் வெண்சுண்ணாம்போ, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெண்பூச்சோ பூசலாம். தமிழ்நாட்டு அரசும் சில பள்ளிகளில் இத்தகைய குளிர்கூரையைச் சோதித்துப் பார்த்திருக்கிறது. செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த காரையிட்டுத் தட்டோடு பதிக்கலாம். புதுக்கட்டடம் கட்டும்போது நீளவாட்டை கிழக்கு மேற்காக வைத்தால், காலை மாலைச் சாய்வெயில் குறுகிய சுவர்களில் மட்டும் படும். ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடு வரை நண்பகல் கதிரவன் நமக்கு வடக்கே நிற்கிறான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஆகவே தெற்குச் சன்னலுக்கு மட்டுமின்றி வடக்குச் சன்னலுக்கும் நிழற்பலகை வேண்டும். மேற்குப் புறத்தில் வேம்பும் புங்கும் நட்டால், அவற்றின் பயனை அடுத்து வரும் மாணவர்கள் நுகர்வார்கள்.

அறிவியல் மாணவர்கள் இதனைத் தாங்களே சோதிக்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு அட்டைப் பெட்டிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றின் மேற்புறத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, மற்றொன்றை அப்படியே விட்டு, இரண்டுக்குள்ளும் வெப்பமானியை வைத்து மொட்டை மாடியில் விடுங்கள். மணிக்கு ஒருமுறை அளவைக் குறித்து வரைபடம் வரையுங்கள். அவ்வரைபடத்தை உங்கள் தலைமையாசிரியரிடம் காட்டினால், நான் இங்கே சொல்வதைக் காட்டிலும் அது நன்றாகவே பேசும்.

உடம்பைக் காக்கும் வழிகளும் உண்டு. தண்ணீர் குடிப்பதற்கென்றே மணி அடிக்கும் வழக்கத்தைக் கேரளம் 2019ஆம் ஆண்டிலும் தமிழ்நாடு 2025ஆம் ஆண்டிலும் கொண்டுவந்தன. சிறிய ஏற்பாடுதான்; ஆயினும் கழிப்பறை வசதி குறைவென்று தண்ணீரே குடிக்காமல் மாலை வரை அடக்கிக்கொள்ளும் மாணவியர் உள்ள வரை, மணியோடு நல்ல கழிப்பறையும் வேண்டும். வெப்ப அலையைத் தமிழ்நாட்டு அரசு 2024ஆம் ஆண்டில் மாநிலப் பேரிடராக அறிவித்தது. புயலுக்கு ஆயத்தம் செய்வதுபோல வெயிலுக்கும் ஆயத்தம் செய்ய வேண்டும் என்பதே அதன் பொருள்.

முடிவாக என் கருத்தைச் சொல்கிறேன். நம் பகுதிக்குக் கோடை விடுமுறை தேவை. அதை ஒழித்துவிட்டு மே மாதத்தில் பாடம் நடத்துவது இன்றுள்ள கூரைகளின்கீழ்ப் பொருந்தாது. ஆனால் அதன் எல்லை கத்திரியின் முடிவோடு கட்டப்பட வேண்டியதில்லை. மேல்காற்றின் போக்கை நோக்கி, ஜூன் முதற் பகுதியில் காலை வேளையில் மட்டும் பள்ளி நடத்தலாம். மார்ச் இறுதியிலும் ஏப்ரலிலும் அவ்வாறே செய்யலாம். நவம்பர் மழைக்கென்று சில நாட்களை முன்னரே கணக்கில் ஒதுக்கலாம். ஒவ்வொரு பள்ளிக்கும் தனித்தனி விடுமுறை வைத்தால் அண்ணன் வீட்டிலும் தம்பி பள்ளியிலும் இருக்க நேரும். ஆகவே மாவட்டம் முழுவதற்கும் ஒரே ஏற்பாடு வேண்டும்.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று உண்டு. வகுப்புக்கு விடுமுறை விடலாம். சமையற்கூடத்துக்கும் நூலகத்துக்கும் விட வேண்டியதில்லை. மே மாதத்தில் காலை இரண்டு மூன்று மணி நேரம் பள்ளியின் ஒரு குளிர்ந்த அறை திறந்திருந்து, விரும்பிய பிள்ளை ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு ஒரு வேளை உணவும் உண்டு போக முடியுமானால், நீண்ட விடுமுறையின் தீமையில் பெரும்பகுதி நீங்கும். கல்வி உரிமைச் சட்டம் எல்லாப் பருவநிலைக்கும் ஏற்ற கட்டடம் பள்ளிக்கு வேண்டும் என்கிறது. மழை ஒழுகாவிட்டால் போதும் என்று அதற்குப் பொருள் கொண்டு வந்திருக்கிறோம். வெயிலும் ஒரு பருவநிலைதான். இன்று மாணவராக இருக்கும் உங்களுள் சிலர் நாளை பொறியாளர்களாகவும், ஆசிரியர்களாகவும், நகராட்சி உறுப்பினர்களாகவும் வருவீர்கள். பள்ளிக்கட்டடத்தின் வரைபடம் உங்கள் மேசைக்கு வரும் நாளில், கையெழுத்திடுமுன், மேல்மாடிக் கடைசி வகுப்பில் பிற்பகல் மூன்று மணிக்கு உட்காரப்போகும் பிள்ளைக்காகக் கூரை எப்படி அமைந்திருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.